கோட்டுகளுக்கு அடியில் ஒரு போன்

லியுபிஷாவின் போன் அன்றைக்கு அடிக்கவே இல்லை. இந்த விஷயம் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த ஒருவன் வித்தோமிர். லியுபிஷாவுக்கே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. அவனைக் கேட்டால், போன் அடித்தது, பதினேழு கோட்டுகளுக்கு அடியில் கிடந்து அடித்தது, நான்தான் எழுந்து போகவில்லை என்பான். போலீஸிலும் அப்படியே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருந்தான்.

வித்தோமிர் எங்கள் பள்ளத்தாக்கின் பெரிய ராஸ்பெர்ரி குளிர்கிடங்கில் கணினி வலையமைப்பைக் கவனிப்பவன். நாற்பத்தெட்டு வயது, நூற்றுப்பத்துக் கிலோ. லியுபிஷா அங்கே அவனுக்குத் துணை ஆள். வெளியே அவனுக்கு கூம். வித்தோமிரின் கல்யாணத்தில் சாட்சியாக நின்றவன், அவனுடைய இரண்டு பெண்களுக்கும் ஞானத்தகப்பன். எங்கள் பக்கத்தில் ஒருவன் கூடப்பிறந்தவனை நீதிமன்றத்துக்கு இழுத்தால் ஊர் இரண்டு நாள் பேசும். கூமை இழுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேசும்.

வித்தோமிரிடம் ஒரு பட்டியல் இருந்தது. 'ஒற்றைக்கால் பட்டியல்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தான். எது ஒன்று விழுந்தால் எல்லாமே விழுமோ அதெல்லாம் அதில் ஏறும். ஒரே சர்வர், ஒரே இணைய இணைப்பு, ஒரே பேட்டரி, எல்லா அறைக்கும் கம்பி போகிற ஒரே பெட்டி. நான்கு வருஷம் டைரக்டர் ராதென்கோவின் பின்னாலேயே அலைந்து, ஒவ்வொன்றுக்கும் ஜோடி வாங்கிவிட்டான். "இங்க எல்லாத்துக்கும் இரட்டை இருக்கு. எனக்கு மட்டும்தான் இல்ல. அந்தத் தப்பைக் கடவுள் ரெண்டாவது தடவை பண்ணத் தயாரா இல்ல" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். பட்டியல் காலியானதும் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான். வெற்றுக் காகிதத்துக்குச் சட்டம் போட்ட முதல் ஆள் நான்தான் என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

கிடங்கைக் குளிர வைப்பது அம்மோனியா. அது கசிந்தால் மோப்பம் பிடிக்கும் கருவிகள் சுவர் முழுக்க உண்டு. கருவி சொன்னால் சைரன் ஊதும், எல்லோரும் வெளியே ஓட வேண்டும். போன கோடையில், பழம் குவிகிற வாரத்தில், தரை கழுவும் மருந்தின் நெடிக்கே கருவி மூன்று தரம் கத்தியது. மூன்று தரமும் பெண்கள் பழத்தைப் போட்டுவிட்டு வெயிலில் போய் நின்றார்கள். பழம் கூழானது. ராதென்கோ முற்றத்தில் நின்று கையை வீசினார்.

"வித்தோ, இனிமே இந்தச் சனியன் ஊதறதுக்கு முன்னாடி யாராவது ஒரு மனுஷனைக் கேக்கணும். உனக்கு போன் பண்ணட்டும். நீ ஆமான்னா ஊதட்டும்."

பக்கத்தில் தெஸாங்கா நின்றிருந்தாள். பழம் பொறுக்கும் பெண்களுக்குத் தலைவி. ஐம்பத்தேழு வயதிலும் குரல் சைரனைவிடப் பெரியது. "மூக்கு எங்களுது, போன் இவனுதா? நல்லா இருக்கே நியாயம்!" என்றாள். ராதென்கோவுக்குக் காது கேட்கவில்லை. அது அவருக்கு வசதியான நேரத்தில் கேட்காத காது.

வித்தோமிர் மறுக்கவில்லை. அவன் கண்ணுக்கு அதில் ஒற்றைக்கால்தான் தெரிந்தது. ஒரு போன் என்றால் ஆபத்து, ஆகவே இரண்டு போன். முதலில் அவனுக்கு அழைப்பு போகும். அவன் எடுக்காவிட்டால் லியுபிஷாவுக்கு. இருவரில் யாராவது ஆம் என்றால் சைரன் ஊதும். கச்சிதமாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் ஒரு பொய் அலாரத்துக்கு வந்த அழைப்பை அவன் வெட்டியதும், அவன் எடுக்கவில்லை என்று நினைத்து அமைப்பு லியுபிஷாவையும் எழுப்பிவிட்டது. லியுபிஷா அப்போது இரண்டு நாள் தொடர்ச்சியாகக் கேபிள் இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். பாவம், தூங்கட்டும் என்று வித்தோமிர் ஒரு வரி சேர்த்தான். முதல் ஆள் அழைப்பைக் கையால் வெட்டினால், அவர் பார்த்துவிட்டார், ஆபத்தில்லை என்று பொருள். இரண்டாவது ஆளைத் தொந்தரவு செய்யாதே, சைரனும் வேண்டாம். எழுத நாலு நிமிஷம் ஆனது. இதை லியுபிஷாவிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் நன்றி சொல்லி மானத்தை வாங்குவான்.

டிசம்பர் பத்தொன்பது, வெள்ளிக்கிழமை, புனித நிக்கோலாவின் நாள். எங்களில் பாதிக் குடும்பங்களுக்கு அன்றைக்குத்தான் ஸ்லாவா, வீட்டுப் புனிதரின் விருந்து. மீதிப் பாதி அந்த வீடுகளில் விருந்தாளி. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, வர வேண்டியவர்கள் வந்தே தீருவார்கள். கூம் வராமல் இருப்பதற்கு அவன் செத்திருக்க வேண்டும்.

முந்தின நாள் தெஸாங்கா வித்தோமிரை வாசலில் மடக்கினாள். அவள் வீட்டு ஸ்லாவா நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அதனால் அவளுக்கு வேலை நாள்.

"ஏன்டா வித்தோ, நாளைக்கு ஆம்பளைங்க எல்லாம் மீன் தின்னப் போயிடுவீங்க. உன் கம்ப்யூட்டரை யாரு பாத்துக்கறது, புனித நிக்கோலாவா?"

"நாளைக்கு லியுபிஷாதான் டியூட்டி அக்கா."

"அவன் எங்க இருப்பான்?"

"எங்க வீட்லதான்."

"கிழிஞ்சுது போ. ரெண்டு முட்டைக்கும் ஒரே கூடை." அவளே சொல்லி அவளே சிரித்தாள். "சனிக்கிழமை எனக்கு ஒரு டப்பா கோதுமை இனிப்பு கொண்டா. ரூஷித்சா வால்நட்டுல கஞ்சத்தனம் பண்ணியிருந்தா திருப்பி அனுப்பிடுவேன், சொல்லிடு."

அன்றைக்கு வித்தோமிரின் போன் காலையிலிருந்தே ஓயவில்லை. வியன்னாவிலிருந்து அத்தை, கூடப் படித்தவன், டயர் கடைக்காரன், ஒரு தரம் மட்டும் கடன் வாங்கிய பக்கத்துத் தெருக்காரன் எல்லோருக்கும் 'ஸ்லாவா சிறக்கட்டும்' என்று வாழ்த்தியாக வேண்டும். மொத்தம் நாற்பத்தோரு அழைப்புகள். பாதிரியாருக்கோ அன்று இருபது வீடு. ஒரு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். மெழுகுவர்த்தி எரிய, விருந்தாளிகள் எழுந்து நிற்க, வீட்டுத்தலைவன் பாதிரியாருடன் சேர்ந்து ரொட்டியைச் சுற்றிப் பிடித்துத் திருப்ப வேண்டிய அந்த நேரத்தில் சட்டைப் பையில் மறுபடியும் அதிர்ந்தது. வித்தோமிர் ஒரு கையை மட்டும் ரொட்டியிலிருந்து எடுத்து, போனைப் பாதி உருவி, பார்க்காமலே கட்டைவிரலால் தள்ளிவிட்டான். பாதிரியார் ஓரக்கண்ணால் முறைத்தார். மனைவி ரூஷித்சா முழுக்கண்ணால் முறைத்தாள்.

மணி ஒன்று பன்னிரண்டு.

கெண்டை மீனும் பீன்ஸும் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்குக் கீழே தீயணைப்பு வண்டி ஓடியது. விருந்தாளிகள் ராக்கியா சாராயக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார்கள். வண்டி கிடங்குப் பக்கம் திரும்பியதும் லியுபிஷா படுக்கையறைக்கு ஓடினான். கட்டிலில் விருந்தாளிகளின் கோட்டுகள் மலையாகக் கிடந்தன. அவன் கோட்டு எல்லாவற்றுக்கும் கீழே, போன் அதன் பையில். திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்று பிறகு சொன்னான். அப்படியே பையில் திணித்துக்கொண்டு காருக்கு ஓடினான்.

ஒன்றே காலுக்கு மேல் பெண்களுக்கே நெடி தெரிந்திருக்கிறது. தெஸாங்கா கத்திக் கத்தி எல்லோரையும் வெளியேற்றி, பனியில் நிறுத்தி எண்ணினாள். பத்தொன்பது. இருபது இருக்க வேண்டும். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அந்த ஒருத்தியைத் தேடி உள்ளே போனாள், அங்கேயே மயங்கி விழுந்தாள். இருபதாவது பெண் கிடங்கின் பின்வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று பன்னிரண்டுக்கு வாயு இயந்திர அறையைத் தாண்டியிருக்கவில்லை. அப்போதே சைரன் ஊதியிருந்தால், பின்வாசல்காரியும் அந்தச் சத்தத்துக்கு முன்பக்கம் ஓடி வந்திருப்பாள்.

சனிக்கிழமை காலை ரூஷித்சா கோதுமை இனிப்பை டப்பாவில் அடைத்து மூடிக்கொண்டிருந்தபோது, தெஸாங்கா ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள் என்று செய்தி வந்தது. அன்று சாயங்காலம் லியுபிஷா பாலத்தில் நின்று போனை மொராவித்சா ஆற்றில் எறிந்தான்.

வித்தோமிர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே பதிவைப் பார்த்துவிட்டான். சர்வர் தான் செய்ததையெல்லாம் நிமிஷ வாரியாக எழுதி வைக்கும். அலாரம். முதல் போனுக்கு அழைப்பு. அழைப்பு கையால் வெட்டப்பட்டது. பார்வையிடப்பட்டது, ஆபத்தில்லை. முடிந்தது. அவ்வளவுதான், ஐந்து வரி. அவன் சேர்த்த அந்த ஒரு வரி, சொன்னது சொன்னபடி வேலை செய்திருந்தது. அவன் எழுதியதிலேயே பழுதில்லாமல் ஓடியது அதுதான்.

போலீஸ்காரர் கேட்டார். "உங்க கம்ப்யூட்டர் போன் பண்ணுச்சா?"

"பண்ணுச்சு."

"ரெண்டு பேருக்குமா?"

"அப்படித்தான் அமைச்சிருக்கோம்."

பொய் இல்லை. அப்படித்தான் அமைத்திருந்தார்கள். மனிதனுக்கு வாக்கியம் அமைக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய சாபம் என்று வித்தோமிர் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தான். போன் கம்பெனியைக் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். இரண்டு பேர் ஒரே கதையைச் சொல்லும்போது யார் கேட்பார்கள்?

ராதென்கோ தோளில் தட்டினார். "நம்ம மெஷின் வேலை செஞ்சுது வித்தோ, மனுஷன் செய்யல. என்ன பண்றது, உன் கூம்தான், எனக்கும் வருத்தம்தான்." வருத்தம் முடிந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இன்னொன்றும் வித்தோமிருக்குத் தெரியும். பதிவு ஏழு நாள்தான் நிற்கும். எட்டாவது நாள் புதியது பழையதை அழித்துக்கொண்டு ஏறும். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த ஐந்து வரிகளும் போய்விடும். அவன் எதையும் அழிக்க வேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும். அதற்கடுத்த திங்கட்கிழமை விசாரணை. அன்றைய பொறுப்பு லியுபிஷாவுடையது என்பதால் அவனுக்கு இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ கிடைக்கும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஜோடி வாங்கி வைத்தவன் இந்தப் பதிவுக்கு மட்டும் நகல் வைக்கவில்லை. பதிவுதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தான்.

வியாழக்கிழமை லியுபிஷாவின் வீட்டுக்கு மீன் சூப் கொண்டுபோனான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனான். சூப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு லியுபிஷா சர்வர் அறைக்கு வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மேஜையில் ஒரு சாவி, ஒரு குறடு இரண்டையும் வைத்தான்.

"இந்தா கூமே, ரெண்டாவது அலமாரிச் சாவி. இது உன்னோட குறடு. ரெண்டு வருஷமா திருப்பித் தரல."

"வச்சுக்கோ. எனக்கு வேற இருக்கு."

"ஜெயில்ல கேபிள் வேலை குடுப்பாங்களா?"

"குடுத்தா சிபாரிசுக் கடிதம் நான் எழுதறேன். 'நல்லவன், கொஞ்சம் மெதுவா'ன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிறுத்தினார்கள்.

"தூக்கம் வருதாடா?" என்று கேட்டான் வித்தோமிர்.

"வருது. போன் அடிச்சதும் முழிச்சுக்கறேன்."

"எந்த போன்? அதான் ஆத்துல போட்டியே."

"அதேதான். அமுங்கின மாதிரி, துணிக்கு அடியில இருந்து. நான் மீன்ல முள்ளு எடுத்துட்டு இருந்தேன் கூமே. அடிச்சுது. எனக்கு நல்லா கேட்டுது. யாரோ வாழ்த்து சொல்றான்னு நினைச்சேன். மீன் ஆறிடுமேன்னு நினைச்சேன்." சாவியை மேஜையில் இப்படியும் அப்படியும் நகர்த்தினான். "திங்கக்கிழமை எல்லாத்தையும் சொல்லிடறேன். உன் பேர் எங்கயும் வராது. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. எனக்கு யாரு, நாலு கோழி."

வித்தோமிர் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இவன் போன பிறகு ஒரு காபி, இன்னொரு காபி, ஒரு கேபிளைச் சரிபார்ப்பதுபோல் பாவனை. ஆறு மணி தானாக வந்துவிடும். வந்ததும் லியுபிஷாவின் காதில் அடிக்கிற அந்தப் போன் நிஜமாகிவிடும். அதைப் பொய் என்று சொல்ல உலகத்தில் எந்தக் காகிதமும் இருக்காது.

"கண்ணாடி வச்சிருக்கியா?" என்றான்.

"எதுக்கு?"

"போடு." திரையை அவன் பக்கம் திருப்பினான். "படி."

லியுபிஷா மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி விரல் வைத்துப் படித்தான்.

"இந்த நம்பர் யாருது?"

"என்னுது."

"என்னுது எங்க?"

"இல்ல."

"கீழ போ."

"கீழ ஒண்ணும் இல்லடா."

"போடான்னா!"

வித்தோமிர் கீழே போனான். ஒன்றரை மணிக்குக் கதவு திறந்தது, கதவு மூடியது, குளிர் எத்தனை டிகிரி. வேறெதுவும் இல்லை. நீ தூங்கணும்னு நான் போட்ட வரி என்று விளக்க ஆரம்பித்தான். ரொட்டி, பாதிரியார், கட்டைவிரல் எல்லாம் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது மட்டமான நகைச்சுவைக் கதை போல ஒலித்தது. லியுபிஷா பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினான்.

"அப்ப நான் கேட்டது என்ன?"

"தெரியல."

"ஏழு நாளா கேக்கறேனே, அது என்னன்னு கேக்கறேன்."

வித்தோமிர் திரையை மறுபடியும் மேலே ஓட்டினான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கு சாயங்காலமே."

"அன்னிக்கு சாயங்காலமே." லியுபிஷா விரல்விட்டு எண்ணினான். "நான் போனை ஆத்துல போட்டப்ப தெரியும். அந்தம்மாவைப் புதைக்கறப்ப என்னைப் பின்வரிசையில நிக்க வச்சாங்களே, அப்ப தெரியும். நேத்து சூப்பு கொண்டுவந்தியே, அப்ப?"

"தெரியும்."

"நல்லாத்தான் இருந்துது சூப்பு."

அடிப்பான் என்று வித்தோமிர் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றிருந்தது. லியுபிஷா எழுந்து, சுவரில் இருந்த சட்டம் போட்ட வெற்றுக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதுக்கு எத்தனை நகல் இருக்கு? அந்த அஞ்சு வரிக்கு?"

"ஒண்ணுகூட இல்ல. ஆறு மணிக்கு அழிஞ்சிடும்."

"எடு."

"லியுபிஷா..."

"எட்றா. மூணு எடு. சாவி குடு, காரை நான் ஓட்டறேன்."

பிரிண்டரில் காகிதம் தீர்ந்திருந்தது. இரண்டு பிரிண்டரிலும். லியுபிஷா கணக்குப் பிரிவுக்குப் போய்க் கட்டாக எடுத்து வந்தான். வழியில் ராதென்கோ அவனைப் பார்த்து, "இவனை யாரு உள்ள விட்டா?" என்று கேட்டார். லியுபிஷாவுக்கு அந்த நேரத்தில் காது கேட்கவில்லை.

இருபது நிமிஷப் பாதை. காவல் நிலைய வாசலில் லியுபிஷா எஞ்சினை அணைக்காமல் நிறுத்தினான். "போ, வித்தோமிர்" என்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் கூமே என்று விளிக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

விசாரணை அதிகாரி ஒரு பெண், கடுமையான ஜலதோஷத்தில் இருந்தார். காகிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அழைப்பை வெட்டினா ஆபத்தில்லைன்னு அர்த்தம், அப்படின்னு யாரு முடிவு பண்ணது?"

"நான்."

"யாராவது சொல்லி?"

"இல்ல. என் கூம் தூங்கட்டும்னு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அதை நான் எப்படி எழுதறது?"

"எழுத வேண்டாம். நான்னு மட்டும் எழுதுங்க."

"சைரன் போனுக்காகக் காத்திருக்கணும்கிறது?"

"அது டைரக்டர் சொன்னார்."

"எழுத்துல இருக்கா?"

"வாயால சொன்னார். முற்றத்துல."

"கேட்டவங்க யாராவது?"

"நான் கேட்டேன்."

"உங்களைத் தவிர?"

வித்தோமிர் யோசித்தான். யோசிக்கத் தேவையே இல்லாத கேள்வி. ஆனாலும் வேறு யாராவது அன்று அந்த வெயிலில் நின்றிருக்கக் கூடாதா என்று முற்றத்தின் மூலை மூலையாகத் தேடிப் பார்த்தான்.

"தெஸாங்கா நின்னுட்டிருந்தாங்க" என்றான்.

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு மறுபடியும் திறந்து, அவன் பெயரை, தகப்பன் பெயரோடு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை வரை வீட்டுக்குப் போகலாம், ஊரைத் தாண்டக் கூடாது என்றார். டைரக்டரையும் கூப்பிட்டுக் கேட்பார்களாம். ராதென்கோ என்ன சொல்வார் என்று அவனுக்கும் தெரியும், அதிகாரிக்கும் தெரியும்.

வெளியே வந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. கார் போயிருக்கும் என்றுதான் நினைத்தான். போகவில்லை. கண்ணாடியில் பனி படிந்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. லியுபிஷா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். வித்தோமிர் தன் போனை முன்னிருக்கையிலேயே விட்டுப் போயிருந்தான். அது திரையைக் காட்டாமல் கவிழ்ந்து கிடந்தது.

"ரூஷித்சா கூப்பிட்டா" என்றான் லியுபிஷா, அவனைப் பார்க்காமல். "மூணு தடவை."

"எடுக்க வேண்டியதுதானே?"

"கை போகல எனக்கு. அடிச்சுட்டே இருந்துது. நிஜமா அடிக்குதா, இல்ல எனக்குத்தான் அடிக்குதான்னு தெரியல."

போன் மறுபடியும் அதிர ஆரம்பித்தது. லியுபிஷா ஸ்டீயரிங்கை இன்னும் இறுக்கினான்.

"இது நிஜம்டா. நிஜமாத்தான் அடிக்குது" என்றான் வித்தோமிர். எடுத்துக் காதில் வைத்தான். ரூஷித்சா எங்கே இருக்கிறாய், கிடங்கிலிருந்து யார் யாரோ கூப்பிடுகிறார்கள், என்னதான் நடந்தது என்று கேட்டாள். அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான். லியுபிஷா கியரைப் போட்டு, மெதுவாக, வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.